1803 போட்ட அமெரிக்கப் பொற்காசு, வளையம் வைத்து ஊதி ஒட்டியிருக்கிறது. அச்சுவகை எப்படிப் பார்ப்பது?

பாண்டிருப்பு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். பழங்காசு தெரிந்தவர்கள் இங்கே இருப்பதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும்.

அம்மாவின் மூத்த அண்ணன் எழுபதுகளில் கப்பலில் வேலை செய்தவர். ஒருமுறை ஊருக்கு வந்தபோது ஒரு பொற்காசு கொண்டுவந்து அம்மம்மாவிடம் கொடுத்தாராம். எந்தத் துறைமுகத்தில் வாங்கினார், யாரிடம் வாங்கினார் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை, மாமாவும் இப்போது இல்லை. அம்மம்மா அதில் வளையம் வைத்து ஊதுவித்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தா. அவவுக்குப் பிறகு அம்மாவுக்கு, இப்போது எனக்கு. எங்கள் பக்கத்தில் வீடும் நகையும் பெண் வழியாகத்தானே இறங்கும். 2004 மார்கழியில் கடல் வந்தபோது அலுமாரியோடு மற்ற நகையெல்லாம் போய்விட்டது, இது அம்மாவின் கழுத்தில் கிடந்தபடியால் தப்பியது. ஆகையால் விற்கிற யோசனை இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் சங்கிலி அறுந்து, பற்றவைக்க ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், இதில் ராசாவும் இல்லை ராணியும் இல்லை, இது பவுண் காசே இல்லை, யாரோ செய்துகொடுத்த பதக்கம், வளையத்தை வெட்டிவிட்டுத் தாருங்கள், உருக்கிப் பார்த்து 22 கரட் கணக்கில் பணம் தருகிறேன் என்றார். மனசு கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வைத்து ஆறுதலாகப் பார்த்தேன். ஒரு பக்கம் தலைப்பாகை மாதிரித் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் முகம், வலப்பக்கம் பார்க்கிறது, மேலே லிபர்ட்டி என்ற எழுத்து, சுற்றிவர நட்சத்திரங்கள், இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் ஐந்து. கீழே 1803. மற்றப் பக்கம் நெஞ்சில் கேடயம் வைத்த கழுகு, ஒரு காலில் அம்புக்கட்டு, மற்றக் காலில் கிளை, தலைக்கு மேலே முகிலும் சின்னச் சின்ன நட்சத்திரமும். விளிம்பு முழுக்க வரிவரியாகக் கீறு. பள்ளிக்கூட விஞ்ஞான ஆய்வுகூடத்துத் தராசிலும் வேணியரிலும் அளந்தேன்: வளையத்தோடு 9.21 கிராம், குறுக்களவு 25 மில்லிமீற்றர். இன்னொரு விஷயம், சங்கிலியில் தொங்கும்போது பெண்ணின் தலை நேராக நிற்கிறது, மற்றப் பக்கம் திருப்பினால் கழுகு தலைகீழாகத் தொங்குகிறது. வளையத்தை வைத்தவர் பிழை விட்டாரோ தெரியாது.

இணையத்தில் தேடினால் இது அமெரிக்காவின் ஹாஃப் ஈகிள், அதாவது ஐந்து டொலர் காசு என்று வருகிறது. ஆனால் ஐந்து என்று எழுத்திலோ இலக்கத்திலோ காசில் எங்கேயும் இல்லை. படம் போட்டவர்கள் எல்லாம் பி.டி. ஒன்று, பி.டி. மூன்று என்று ஏதோ எண் கொடுக்கிறார்கள், அது அச்சுவகையாம். ஒரே வருடத்து ஒரே காசுக்குள் என்ன வகை? என்னிடம் இருப்பது எது என்று எப்படிப் பார்ப்பது? எல்லாவற்றுக்கும் முன்னால், இது உண்மைக் காசுதானா?


வாவிக்கரை

டீச்சர், வளையத்தை வெட்டவிடாமல் கொண்டுவந்தீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இனியும் வெட்ட வேண்டாம். புளி, பூந்திக்கொட்டை, பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். இந்தக் காசில் அழுக்கு மாதிரித் தெரிகிற மங்கல்கூட நமக்கு வேலைக்கு ஆகும்.

நான் மட்டக்களப்பு. சேர்ப்பது ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசும், வெள்ளைக்காரன் 1801இலிருந்து கொழும்பில் அடித்த யானைக் காசும். அமெரிக்கப் பழம் பொற்காசு ஒன்றையும் இதுவரை கையில் பிடித்ததில்லை, ஆனால் பத்து வருடமாகப் படங்களை வைத்து அவற்றின் அச்சுகளைப் படிக்கிறேன். அதனால் நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன்.

நீங்கள் பிழையோ என்று பயந்த இரண்டும் பிழை இல்லை. அங்கே பொற்காசு அடிக்கத் தொடங்கியது 1795இல், ஹாஃப் ஈகிள்தான் முதலில் வந்தது. அப்போது பொற்காசின் பெறுமதி அதன் எடையிலும் மாற்றிலும்தான் இருந்தது, அதனால் எத்தனை டொலர் என்று போடவில்லை. 1807இல் உருவத்தை மாற்றியபோதுதான் ஐந்து என்ற இலக்கம் கழுகுக்குக் கீழே ஏறியது. 1803 காசில் ஐந்து இருந்திருந்தால்தான் நாம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கழுகு தலைகீழாகத் தொங்குவதும் அப்படியே, அமெரிக்கக் காசில் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று தலைகீழாகத்தான் நிற்கும், மேலிருந்து கீழாகப் புரட்டினால் கழுகு நிமிர்ந்துவிடும். வளையம் வைத்தவர் பெண்ணின் முகம் நேராக இருக்க வேண்டும் என்று பார்த்துச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

எடைக்கு வருவோம். அந்தக் காலத்து ஹாஃப் ஈகிள் 8.75 கிராம், 12 பங்கில் 11 பங்கு பொன், நம்முடைய 22 கரட்டேதான். ஒரு பவுணைவிட முக்கால் கிராம் கூட. உங்கள் 9.21இல் வளையமும் அதை ஒட்டவைத்த பொடியும் கிட்டத்தட்ட அரைக் கிராம் என்றால் கணக்கு நிற்கிறது. இந்த எடையோடு 1834 வரைதான் அடித்தார்கள், அந்த வருடத்துச் சட்டம் அதை 8.36 ஆகக் குறைத்தது. ஏன் என்றால், 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பங்கு பொன்னுக்கு 15 பங்கு வெள்ளி என்று அங்கே வைத்திருந்தார்கள், பிரான்சில் அது பதினைந்தரை. அரைப் பங்கு லாபத்துக்காகவே காசுகள் கடல் தாண்டிப் போய் பொன் உருக்கும் கிண்ணத்துக்குள் இறங்கின. 1822ஆம் ஆண்டு ஹாஃப் ஈகிள் 17,796 அடித்ததாகக் கணக்கு இருக்கிறது, இன்று உலகத்தில் தெரிந்தது மூன்றே மூன்று. இரண்டு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், மற்றது 2021இல் 84 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. உங்கள் காசு அவ்வளவு அரிது இல்லை, ஆனால் அதே உருக்கலுக்குத் தப்பி வந்த ஒன்று.

இனி அச்சுவகை. ஒரு காசுக்கு இரண்டு உருக்கு அச்சு வேண்டும், மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் பொன் வில்லை, திருகு அழுத்தியை ஆட்கள் இழுத்துச் சுற்றி அடிப்பார்கள். இப்போது எல்லா அச்சும் ஒரே தாய் அச்சிலிருந்து இறங்குவதால் ஒன்றுபோல இருக்கும். அப்போது பிலடெல்பியா நாணயசாலையில் முகமும் கழுகும் மாதிரிப் பெரிய பாகங்கள்தான் தாய் அச்சிலிருந்து வரும், நட்சத்திரம் ஒவ்வொன்றும், எழுத்து ஒவ்வொன்றும், வருடத்தின் இலக்கம் ஒவ்வொன்றும் தனித்தனிக் குத்துளியால் கையால் தட்டி இறக்கியது. கை என்றால் ஒருநாள் போல ஒருநாள் இருக்குமா? ஒரு நட்சத்திரம் கூந்தல் சுருளைத் தொடும், அடுத்த அச்சில் ஒரு மயிரிழை விலகும். 1795ஆம் ஆண்டுப் பத்து டொலர் காசில் கழுகு நிற்கிற பனையோலைக் கிளையை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலான அச்சில் 13 இலை, ஒரே ஒரு பின்பக்க அச்சில் 9 இலை. அந்த 9 இலைக்காகச் சேர்ப்பவர்கள் ஆயுள் முழுக்கக் காத்திருக்கிறார்கள். அதே வருடத்து ஐந்து டொலரில் ஒரு அச்சில் ஸ்டேட்ஸ் என்ற சொல்லின் கடைசி எஸ் வர வேண்டிய இடத்தில் முதலில் டி (D) எழுத்தைக் குத்திவிட்டு, அதன் மேலேயே எஸ்ஸை அடித்திருக்கிறார்கள். இரண்டும் தெரியும்.

முன்பக்க அச்சு ஒன்றும் பின்பக்க அச்சு ஒன்றும் சேர்ந்த சோடிதான் ஒரு வகை. டல்லஸ் நகரத்து ஹாரி பாஸ் என்பவர் இந்தப் பொற்காசுகளை வகைவகையாக, ஒரே அச்சு புதிதாக இருந்தபோது அடித்தது, வெடித்த பிறகு அடித்தது என்றுகூடப் பிரித்துச் சேர்த்தார். 1998இல் அவர் காலமான பிறகு ஜான் டான்ரூத்தர் அந்தச் சேகரிப்பையும் குறிப்புகளையும் வைத்து 1795 முதல் 1834 வரைக்கும் எண் கொடுத்து 2006இல் நூலாக்கினார். பாஸ், டான்ரூத்தர், இரண்டு பெயரின் முதலெழுத்துத்தான் நீங்கள் பார்த்த பி.டி.

உங்கள் காசுக்கு ஒரு அருமையான சோதனை இருக்கிறது. 1803ஆம் ஆண்டு ஹாஃப் ஈகிள் எல்லாமே 2இன் மேல் 3 அடித்தவை. 1802க்கென்று செய்த உருக்கு அச்சு மிஞ்சிவிட்டது, அதை எறிய மனம் வரவில்லை, 2இன் மேல் 3ஐக் குத்தினார்கள். அதற்கு முந்திய வருடமும் இதே கதை, 1802 எல்லாம் 1இன் மேல் 2, 1801 என்று போட்ட ஹாஃப் ஈகிளே கிடையாது. பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, 3ஐ மட்டும் பாருங்கள். உள்ளே 2 இருக்கிறதா என்று சொல்லுங்கள். சுத்தமான 3 மட்டும் இருந்தால் எனக்குக் கவலை வரும்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. தராசில் ஒரு குவளை தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் முட்டாமல் முழுதாகத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டுகிற கிராம்தான் காசின் கன அளவு. 9.21ஐ அதால் பிரித்தால் பதினேழரைக்குக் கிட்ட வர வேண்டும். வளைய இடுக்கில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும், ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாருங்கள்.


உமியோடு

ஆரையம்பதியிலிருந்து எழுதுகிறேன். அப்பா, அப்பப்பா எல்லோரும் பட்டறை வேலை, நான்தான் அதை விட்டு வேறு வேலைக்குப் போனவன். அச்சுவகை பற்றி வாவிக்கரை அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது, வளையத்தைப் பற்றிச் சொல்லலாம்.

தங்கச்சி, வளையம் காசோடு பற்றியிருப்பது பொடியால். பொடி என்றால் காசைவிட மாற்றுக் குறைந்த கலவை, சூட்டில் காசுக்கு முன்னால் அது உருகி ஓடி ஒட்டிக்கொள்ளும். இப்போது வளையத்தைக் கழற்ற வேண்டுமென்றால் திரும்பவும் அந்த இடத்தில் நெருப்பை ஊத வேண்டும். ஊதினால் பொடி இன்னும் பரவும், லிபர்ட்டி எழுத்துப் பக்கமாக ஓடினால் எழுத்தின் ஓரம் மூடும். பிறகு அதை அரத்தால் ராவுவார்கள், மெருகு போடுவார்கள், அங்கேதான் காசு சாகும். அப்பா சொல்வார், பொன்னைக் கூட்டலாம் குறைக்கலாம், மேல்தோலைத் திரும்ப வைக்க ஏலாது என்று. வளையம் வைத்த காயம் பழைய காயம், அது இருக்கட்டும், அதை மறைக்கப் போனால் புதுக் காயம் வரும்.

இன்னொன்று கேட்க ஆசை. காசின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ ஒரே திசையில் ஓடுகிற மெல்லிய அரக்கோடுகள் இருக்கிறதா? அந்தக் காலத்துப் பொற்காசின் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சட்டென்று பட்டறை ஞாபகம் வந்தது. வில்லையை வெட்டி நிறுத்துப் பார்ப்பார்கள், எடை கூடினால் அரம் போட்டு ராவிக் குறைத்துவிட்டுத்தான் அச்சில் வைப்பார்கள். அழுத்தி முழு வலுவோடு இறங்காத இடத்தில் அந்தக் கோடு அழியாமல் நின்றுவிடும். தெரியாதவர்கள் யாரோ கீறிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். வித்தியாசம் இதுதான்: அச்சடிப்பதற்கு முன் போட்ட அரக்கோடு எழுத்தையும் உருவத்தையும் சந்திக்கிற இடத்தில் மழுங்கி அமுங்கியிருக்கும், பிறகு விழுந்த கீறல் எல்லாவற்றுக்கும் மேலே கூர்மையாக வெட்டிக்கொண்டு போகும். இருநூறு வருடத்துக்கு முன் எங்கேயோ இருந்த ஒருவர் எங்கள் அப்பா இருந்த மாதிரியே தராசுக்கு முன்னால் அரத்தோடு குந்தியிருந்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு பாசம்.


சாய்ந்தமருது நானா

நல்ல கேள்வி தங்கச்சி. ஆனால் எடையும் தண்ணீர்ச் சோதனையும் சரியாக வந்துவிட்டால் காசு உண்மை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 22 கரட் பொன்னிலேயே கள்ளக்காசு அடிக்கிறார்கள், அதில் எடை, அடர்த்தி எல்லாம் சரியாகத்தான் நிற்கும். என் மூத்தம்மாவின் மாலையில் கிடந்த பவுண் காசுகளைப் பார்க்கத் தொடங்கித்தான் இந்தப் பாதைக்கு வந்தேன், அதில் பதினொன்றில் இரண்டு பெய்ரூட் பக்கத்தில் அடித்த மாதிரிக் காசு. பொன் சுத்தமான பொன், அச்சு மட்டும் கள்ளம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கட்டாரில் இருந்தபோது இணையத்தில் ஒருவரிடம் 1795 போட்ட ஹாஃப் ஈகிள் வாங்கினேன். எடை சரி, அளவு சரி. பெண்ணின் கழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் குழி, எங்கேயோ முட்டிய மாதிரி. இரண்டு மாதம் கழித்து வேறொருவர் விற்கப் போட்ட படத்தைப் பார்க்கிறேன், அதே இடத்தில் அதே குழி. முட்டிய காயம் இரண்டு காசில் ஒரே இடத்தில் வராது. முட்டுப்பட்ட ஒரு உண்மைக் காசிலிருந்து அச்சை எடுத்திருக்கிறார்கள், அந்தக் குழியும் அச்சோடு சேர்ந்து வந்து அது அடித்த எல்லாக் காசுக்கும் விழுந்திருக்கிறது. அன்று எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது, ஆனால் அச்சுவகையை ஏன் படிக்க வேண்டும் என்று அன்றுதான் விளங்கியது. அச்சில் இருக்க வேண்டிய பிழை உங்கள் காசில் இருக்க வேண்டும், காசுக்கு மட்டும் உரிய காயம் வேறு எந்தக் காசிலும் இருக்கக் கூடாது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் பவுண் காசு வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் ஒரு சொல். விக்டோரியா ராணி காலத்துக் கேடயம் போட்ட பவுணில் 1863 முதல் 1874 வரை லண்டனில் அடித்தவற்றில் மாலைக்கொத்துக்குக் கீழே பொடி இலக்கம் ஒன்று இருக்கும், அது அச்சின் எண். 1918இல் பம்பாயில் அடித்த பவுணில் வருடத்துக்கு மேலே நிலக்கோட்டில் ஐ (I) என்ற ஒரு சின்ன ஆங்கில எழுத்து. எல்லாம் ஒரே விலை என்று உருக்குக்குக் கொடுக்க முன்னால் ஒருதரம் லென்ஸை வைத்துப் பாருங்கள்.


பாண்டிருப்பு டீச்சர்

எல்லோரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. சனிக்கிழமை முழுக்க இதே வேலைதான், அம்மாவும் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தா.

தண்ணீர்ச் சோதனை மூன்று தடவை செய்தேன். முதல் தடவை 0.56 வந்தது, வளைய இடுக்கில் குமிழ் இருந்திருக்கிறது, தட்டிவிட்ட பிறகு இரண்டு தடவையும் 0.53. கணக்குப் போட்டால் 17.4. தராசு நூறில் ஒன்று வரைதான் காட்டும், 0.52 என்றால் 17.7 ஆகிவிடும், 0.54 என்றால் 17.1, அதனால் இந்த எண்ணை அவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடியாது என்பதும் விளங்குகிறது.

அப்புறம் லென்ஸ். விஞ்ஞானப் பாட டீச்சரிடம் இரவல் வாங்கினேன். மேசை விளக்கை அணைத்துவிட்டு ஃபோன் வெளிச்சத்தைக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்தேன். முதலில் வெறும் 3தான் தெரிந்தது, மனசு விழுந்துவிட்டது. வெளிச்சத்தை இடப்பக்கத்திலிருந்து மெதுவாக மேலே சுற்றிக்கொண்டு வரும்போது 3இன் உடம்புக்குள்ளே இன்னொரு கோடு எழும்பியது. 3இன் வளைவோடு சேராமல் குறுக்கே இறங்குகிறது, அடியில் ஒரு சின்ன முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மாவிடம் லென்ஸைக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல்தான் கொடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு "ரெண்டைத் திருத்தி மூண்டு ஆக்கியிருக்கு புள்ள" என்றா. இருபத்தெட்டு வருடம் கழுத்தில் போட்டிருந்தவ, ஒருநாளும் கண்டதில்லையாம்.

உமியோடு அண்ணா, அரக்கோடும் இருக்கிறது! கழுகின் நெஞ்சுக் கேடயத்துக்குக் குறுக்கே சாய்வாக நாலைந்து கோடு. கேடயத்தின் வரிகளைச் சந்திக்கிற இடத்தில் நீங்கள் சொன்ன மாதிரியே மழுங்கித்தான் இருக்கிறது. ஃபோனில் லென்ஸை வைத்து எடுத்த படங்களைக் கீழே போட்டிருக்கிறேன், கை நடுக்கத்தில் கொஞ்சம் கலங்கல்.


வாவிக்கரை

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த முனை 2இன் அடிதான். எனக்கு மிகச் சந்தோசம் டீச்சர்.

நானா சொன்ன எச்சரிக்கையை மறக்கவில்லை, உண்மைக் காசிலிருந்து எடுத்த கள்ள அச்சிலும் அந்த 2 வந்துவிடும். ஆனால் அரக்கோடுகள் தனிக் காசுக்கு உரியவை. இனி நீங்கள் செய்ய வேண்டியது, ஏல நிறுவனங்களின் பழைய ஏலப் படங்களிலும், பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற தரம்பார்க்கும் நிறுவனங்களின் இணையப் பக்கங்களிலும் 1803 ஹாஃப் ஈகிள் படங்களை இறக்கி வைத்து, உங்கள் கேடயத்துக் கோடுகள் அதே சாய்வில் வேறு எந்தக் காசிலாவது இருக்கிறதா என்று தேடுவது. இருந்தால் அது கெட்ட செய்தி. இல்லையென்றால் ஒவ்வொரு படமும் உங்கள் பக்கம் ஒரு சாட்சி.

வகை பார்ப்பதும் அதே படங்களால்தான். 1803க்கு இருக்கிற வகைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும், அதனால் பயப்பட வேண்டாம். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். கழுகுப் பக்கத்தை முதலில் பார்க்க வேண்டாம், முகப் பக்கத்தில் தொடங்குங்கள். வருடத்தின் 1 கூந்தல் சுருளுக்கு எவ்வளவு கிட்ட, கடைசி 3 மார்பின் கோட்டைத் தொடுகிறதா விலகுகிறதா, முதல் நட்சத்திரத்தின் எந்த முனை சுருளைப் பார்க்கிறது, எட்டாவது நட்சத்திரத்துக்கும் லிபர்ட்டியின் முதல் எழுத்துக்கும் இடையில் எவ்வளவு வெளி. பிறகு லிபர்ட்டியில் டி (T) எழுத்தின் கால் முழுதாக இருக்கிறதா, ஒரு பக்கம் உடைந்ததா. குத்துளியின் ஓரம் உடைந்திருந்தால் அந்த உடைவு எழுத்திலும் விழும். கழுகுப் பக்கத்தில் மேலே இருக்கிற நட்சத்திரங்களில் எது அலகுக்குக் கிட்ட, சிறகின் நுனி எந்த எழுத்தின் எந்தப் பாகத்துக்கு நேரே. ஒரு கொப்பியில் பெட்டி கீறி எழுதிக்கொண்டு போங்கள், நீங்கள் டீச்சர், இது உங்களுக்குப் பழக்கமான வேலை.

அச்சு வெடிப்பையும் விட்டுவிடாதீர்கள். உருக்கு அச்சில் வெடிப்பு விழுந்தால் அந்த வெடிப்புக்குள் பொன் ஏறி, காசில் மேடான ஒரு நரம்பாகத் தெரியும். கீறல் பள்ளம், வெடிப்பு மேடு. வெடிப்பு எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பதை வைத்து, அந்த அச்சு அடித்த காசுகளில் எது முந்தி எது பிந்தி என்றுகூட வரிசைப்படுத்தலாம். அவர்கள் ஏன் வெடித்த அச்சையும் விடாமல் அடித்தார்கள் என்றால் நல்ல உருக்குக் கிடைப்பது கஷ்டம், செதுக்குகிறவர் ராபர்ட் ஸ்காட்டுக்கு வயதும் போய்விட்டது, வேலைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். அதோடு பிலடெல்பியா நகரத்தில் மஞ்சள் காய்ச்சல். 1797, 98, 99, பிறகு 1802, 1803, இந்த வருடங்களிலெல்லாம் கோடை முடிவில் காய்ச்சல் பரவி நாணயசாலையை இழுத்து மூடிவிட்டு ஆட்கள் ஊரை விட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் காசு அப்படியொரு வருடத்தில் அடித்தது.

எனக்கு மிகப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் காசுக்கு நேரடிச் சம்பந்தம் இல்லைதான். அப்போதைய இரண்டரை டொலர் பொற்காசும் பத்து சதத்து வெள்ளிக் காசும் கிட்டத்தட்ட ஒரே அளவு, இரண்டிலும் பெறுமதி எழுதவில்லை, பின்பக்கம் இரண்டுக்கும் ஒரே கழுகு. அதனால் ஒரே பின்பக்க அச்சால் ஒருநாள் பொன்னும் இன்னொரு நாள் வெள்ளியும் அடித்தார்கள். 1804இல் கழுகுக்கு மேலே 13க்குப் பதிலாக 14 நட்சத்திரம் விழுந்த ஒரு அச்சு இருக்கிறது, அது பொன்னிலும் இருக்கிறது, வெள்ளியிலும் இருக்கிறது. வெடிப்பின் வளர்ச்சியைப் பார்த்து எது முதலில் அடித்தது என்று சொல்கிறார்கள். நான் யானைக் காசிலும் இதே முறையைத்தான் கையாள்கிறேன், ஒவ்வொரு யானைக்கும் தும்பிக்கை ஒவ்வொரு மாதிரி.


அக்கரைப்பற்றுத் தம்பி

எல்லாம் சரி, வளையம் வைத்ததால் விலை எவ்வளவு விழும்? விற்காவிட்டாலும் தெரிந்துகொள்ளலாமே.


சாய்ந்தமருது நானா

தம்பி, காயம்படாத 1803 ஹாஃப் ஈகிள் பல ஆயிரம் டொலருக்குப் போகும். வளையம் வைத்ததைத் தரம்பார்க்கிற நிறுவனங்கள் உண்மைக் காசு என்று உறுதி செய்து, வகை எண்ணும் கொடுக்கும், ஆனால் தர எண் போடாது, வளையம் வைத்த காயம் என்று எழுதிவிடும். அதனால் நன்றாக விழும். விழுந்தாலும் அந்தக் கடை சொன்ன உருக்கு விலையைவிட எவ்வளவோ மேலே. சுத்தப் பொன் கணக்கு என்றால் அதில் 8 கிராம்தான் இருக்கிறது.


உமியோடு

தங்கச்சி, ஒரு வேண்டுகோள். இனி அதைச் சங்கிலியில் போட வேண்டாம். கழுத்தில் கிடந்தால் துணியும் தோலும் ஒவ்வொரு நாளும் ராவும், அந்த 2இன் முனை முதலில் போய்விடும். அம்மாவுக்கு ஆசையென்றால் விசேஷ நாளில் மட்டும், சேலைக்கு மேலே முட்டாமல்.


பாண்டிருப்பு டீச்சர்

சங்கிலியைப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டேன், காசைக் கொடுக்கவில்லை. அம்மா தன் பழைய குங்குமச் சிமிழில் பருத்தித் துணி வைத்துத் தந்தா, இப்போதைக்கு அதில் இருக்கிறது. நேற்று இரவு வரைக்கும் 31 படங்கள் பார்த்துவிட்டேன், கேடயத்தில் என் கோடு எதிலும் இல்லை. முகப்பக்க அச்சு இரண்டு மாதிரித் தெரிகிறது, என்னுடையது டியின் கால் முழுதாக உள்ள பக்கம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அந்த இடத்துக்குக் கிட்டத்தான் பொடி ஓடியிருக்கிறது, ஃபோன் படத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வாவிக்கரை அண்ணா, நீங்கள் ஒன்றையும் கையில் பிடித்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். வருகிற ஞாயிறு அம்மாவைக் கண் கிளினிக் விஷயமாக மட்டக்களப்புக்குக் கூட்டி வருகிறேன், பத்து மணிக்குப் பிறகு காந்தி பூங்காவில் வாவிப் பக்கத்து இருக்கையில் இருப்போம். நல்ல லென்ஸ் உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள், உங்கள் யானைக் காசையும். அம்மா அதைப் பார்க்க வேண்டுமாம்.